டேப்லெட் கேள்வி-பதில்: முதல்ல படிக்கறது யாரு?

போன இதழ்ல, பழைய டேப்லெட்டுக்குள்ள இருக்கற ஆண்ட்ராய்டைத் தொடாமலே மெமரி கார்டுலேர்ந்து லினக்ஸ் ஓட்டலாம்னு ரெண்டே வரி எழுதியிருந்தேன். அதைப் படிச்சுட்டு நிறைய பேர் முயற்சி பண்ணி, ஆளுக்கு ஒரு இடத்துல மாட்டிக்கிட்டு நிக்கறாங்க, ஒருத்தருக்கு டேப்லெட் ஆன் ஆகறதே நின்னுபோச்சு. ரெண்டு வரியோட விட்டிருக்கக் கூடாது. அதனால இந்த தடவை பக்கம் முழுக்க இது ஒண்ணுதான். கமாண்டு எல்லாம் தமிழ் எழுத்துலதான் இருக்கு, டைப் பண்றப்ப ஆங்கிலத்துல போட்டுக்குங்க.

கேள்வி: லினக்ஸ் ஐஎஸ்ஓ ஃபைலை டவுன்லோடு பண்ணி 32 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டுல காப்பி பண்ணி டேப்லெட்டுல சொருகினேன். எதுவும் நடக்கல, நேரா பழைய ஆண்ட்ராய்டுதான் வருது. கார்டு கோளாறா, டேப்லெட் கோளாறா சார்?

ரெண்டுமே இல்லைங்க. நீங்க வெச்ச ஃபைல் அங்கதான் இருக்கு, ஆனா அதைப் போய் பார்க்க டேப்லெட்டுல யாருக்கும் தெரியாது. இதைப் புரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா புரியும், அதனால கொஞ்சம் பொறுமையா சொல்றேன்.

பவர் பட்டனை அமுக்கினதும் முதல்ல ஓடறது ஆண்ட்ராய்டும் இல்ல, பூட்லோடரும் (ஓஎஸ்ஸைக் கிளப்பி விடற ப்ரோக்ராம்) இல்ல. ப்ராசஸர் சிப்புக்குள்ளேயே, அதைத் தயாரிக்கும்போதே பதிச்சு வெச்ச ஒரு குட்டி ப்ரோக்ராம் இருக்கு, அதுக்கு பூட் ராம்னு பேரு (இது ஆர்ஓஎம், நம்ம மெமரி ரேம் இல்ல). அதை யாராலயும் மாத்த முடியாது, அழிக்கவும் முடியாது. அந்த நேரத்துல டேப்லெட்டோட 1 ஜிபியோ 2 ஜிபியோ ரேம் இன்னும் முழிச்சிருக்காது, சிப்புக்குள்ள இருக்கற சின்ன எஸ்ரேம் மட்டும்தான் கைவசம், அது வெறும் சில கேபி. அதனால பூட் ராம் பெரிய வேலை எதுவும் பண்ணாது, ஃப்ளாஷ்ல (ஆஃப் பண்ணாலும் அழியாத சேமிப்பு, மெமரி கார்டும் அதுல ஒண்ணு) தனக்குன்னு குறிச்சு வெச்ச ஒரு இடத்துக்குப் போய் அங்க இருக்கற சின்ன துண்டை எடுத்து எஸ்ரேம்ல வெச்சு ஓட்டிவிடும், அவ்வளவுதான். அந்த சின்ன துண்டுக்கு எஸ்பிஎல்னு பேரு. எஸ்பிஎல் வந்து ரேமை எழுப்பும், எழுப்பின ரேம்ல முழு பூட்லோடரை இறக்கும், பூட்லோடர் கெர்னலையும் (ஓஎஸ்ஸோட மையமான ப்ரோக்ராம்) டிவைஸ் ட்ரீயையும் (எந்த ஹார்டுவேர் எங்க இருக்குன்னு சொல்ற ஃபைல்) இறக்கும், கெர்னல் ரூட் பார்ட்டிஷனை (ஓஎஸ்ஸோட ஃபைல் எல்லாம் இருக்கற பகுதி) தேடித் திறக்கும், அதாவது மவுண்ட் பண்ணும். ரிலே ஓட்டம் மாதிரிதான், ஒவ்வொருத்தரும் அடுத்த ஆள் கையில குச்சியைக் குடுத்துட்டு ஒதுங்கிடுவாங்க.

இப்ப அந்த "குறிச்சு வெச்ச இடம்"னு சொன்னேன்ல, அதுதான் உங்க கேள்விக்கு பதில். ஆல்வின்னர் சிப்பா இருந்தா கார்டோட ஆரம்பத்துலேர்ந்து 8 கேபி தள்ளி பார்க்கும், ஃபைல் பேரையோ ஃபோல்டரையோ அது பார்க்கவே பார்க்காது. ராக்சிப்பா இருந்தா 64வது செக்டர், அதாவது 32 கேபி தள்ளி. டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸோட ஓமாப் சிப் மட்டும் கொஞ்சம் வேற மாதிரி, முதல் ஃபேட் பார்ட்டிஷன்ல எம்எல்ஓங்கற பேர்ல ஒரு ஃபைல் இருக்கான்னு தேடும். உங்க கார்டுல இது எதுவும் இல்ல, ஒரு ஃபேட் பார்ட்டிஷனும் அதுக்குள்ள ஒரு ஐஎஸ்ஓவும்தான் இருக்கு, அதனால பூட் ராம் கார்டைத் தொட்டுப் பார்த்துட்டு ஒண்ணும் இல்லன்னு உள்ள இருக்கற ஃப்ளாஷுக்குப் போயிடுச்சு.

இன்னொண்ணு, நீங்க இறக்கின ஐஎஸ்ஓ பெரும்பாலும் பிசிக்கு உள்ளதா இருக்கும். பிசிக்கு ஒரே ஐஎஸ்ஓ எல்லா மெஷினுக்கும் ஓடும், ஏன்னா பிசி போர்டுலயே இருக்கற யூஇஎஃப்ஐ, ஏசிபிஐங்கற ஏற்பாடுங்க சேர்ந்து எந்த ஹார்டுவேர் எங்க இருக்குன்னு கெர்னலுக்கு சொல்லிடும். ஏஆர்எம் டேப்லெட்டுல அப்படி சொல்ல ஆள் இல்ல, டிவைஸ் ட்ரீங்கற ஃபைல்தான் சொல்லணும், அது மாடலுக்கு மாடல் வேற. அதனால உங்க மாடலுக்குன்னே செஞ்ச இமேஜைத் தேடுங்க, அதை காப்பி பண்ணாம டிடி கமாண்டாலயோ இமேஜ் எழுதற டூலாலயோ கார்டு மேல முழுசா எழுதுங்க. எழுதறதுக்கு முன்னாடி "எல்எஸ்பிஎல்கே" போட்டு எந்த டிவைஸ் கார்டுன்னு சைஸ் வெச்சு சரிபாருங்க, எழுதி முடிச்சதும் "சிங்க்" குடுத்துட்டு அப்புறமா உருவுங்க.

கேள்வி: என் டேப்லெட் கார்டை முதல்ல படிக்குமா, உள்ள இருக்கறதை முதல்ல படிக்குமான்னு வாங்கும்போதே கண்டுபிடிக்க வழி இருக்கா?

சிப் பேரு தெரிஞ்சா பெரும்பாலும் கண்டுபிடிச்சிடலாம். செட்டிங்ஸ்ல இல்லன்னா ஹார்டுவேர் விவரம் காட்டற ஆப் எதையாவது போட்டுப் பாருங்க.

ஆல்வின்னர் சிப்புங்க எல்லாம் மெமரி கார்டைத்தான் முதல்ல பார்க்கும், அப்புறம்தான் உள்ள இருக்கற ஃப்ளாஷ், அதாவது நேண்டோ ஈஎம்எம்சியோ. பைன்டேப் டேப்லெட்டுல இருக்கற ஏ64 இந்த ரகம், 2010-ல வந்த நூக் கலரும் ஓமாப் சிப்போட இதே மாதிரிதான், கார்டு சொருகினா கார்டு, உருவினா பழையபடி உள்ள இருக்கறது. எனக்கு ரொம்பப் பிடிச்ச அமைப்பு இது, ஏன்னா என்ன தப்பு பண்ணாலும் கார்டை வெளிய எடுத்தா டேப்லெட் முன்ன இருந்த மாதிரியே இருக்கும், புதுசா கத்துக்கறவங்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

ராக்சிப்புல கதை வேற. ஆர்கே3399 முதல்ல எஸ்பிஐ ஃப்ளாஷ் (போர்டுல இருக்கற தனி சின்ன ஃப்ளாஷ்), அப்புறம் ஈஎம்எம்சி, அதுக்கப்புறம்தான் எஸ்டி கார்டுன்னு வரிசையா போகும். ஈஎம்எம்சியில ஒரு நல்ல பூட்லோடர் இருந்துட்டா பூட் ராம் கார்டுப் பக்கமே வராது. ஆனா இங்கதான் நிறைய பேர் குழப்பிக்கறாங்க, பூட்லோடர் ஒரு இடத்துலேர்ந்தும் ஓஎஸ் வேற இடத்துலேர்ந்தும் வரலாம்! ஈஎம்எம்சியில இருக்கற பூட்லோடரே "முதல்ல கார்டைப் பாரு, இல்லன்னா உள்ள பாரு"ன்னு செட் பண்ணியிருந்தா கார்டுல இருக்கற ஓஎஸ் தாராளமா வரும். அதனால கேக்க வேண்டியது ரெண்டு கேள்வி: பூட் ராம் எதை முதல்ல படிக்குது, பூட்லோடர் எதை முதல்ல படிக்குது. ரெண்டையும் தனித்தனியா கேட்டுக்குங்க.

சில டேப்லெட்டுல சிப்புக்குள்ள ஈஃப்யூஸ் (ஒரே தடவை எழுதக் கூடிய பிட்) எரிச்சு வெச்சிருப்பாங்க, கம்பெனியோட டிஜிட்டல் கையெழுத்து சரியில்லாத பூட்லோடரை பூட் ராமே ஏத்துக்காது. எரிஞ்ச ஃப்யூஸைத் திரும்ப ஒட்ட முடியாது. அந்த மாதிரி மாடல்ல பூட்லோடரை மாத்தற ஆசையை விட்டுடுங்க.

கேள்வி: கார்டுல யூ-பூட்ங்கற பூட்லோடரை எழுதிட்டேன், சீரியல் கேபிள் (டேப்லெட் அனுப்பற எழுத்தை கம்ப்யூட்டர்ல காட்டறது) போட்டு பார்த்தா கமாண்டு டைப் பண்ற ப்ராம்ப்ட் வருது! ஆனா அங்கேர்ந்து லினக்ஸை எப்படி கிளப்பறதுன்னு தெரியல. கார்டுல ரெண்டு பார்ட்டிஷன் இருக்கு, முதல்ல கெர்னல், ரெண்டாவதுல ரூட்ஃபைல்சிஸ்டம்.

ப்ராம்ப்ட் வரைக்கும் வந்துட்டீங்கன்னா கஷ்டமான பாதியைத் தாண்டிட்டீங்க, வாழ்த்துக்கள். யூ-பூட் 2002-லேர்ந்து இந்தப் பேர்ல இருக்கு, அதுக்கு முன்னாடி பிபிசிபூட்னு பேரு. இன்னைக்கு ரவுட்டர்லேர்ந்து டேப்லெட் வரைக்கும் எங்க பார்த்தாலும் இதுதான், அதனால இதுல கத்துக்கறது எதுவும் வீண் போகாது.

முதல்ல கையால ஓட்டிப் பாருங்க, எதையும் சேவ் பண்ணாதீங்க. "எம்எம்சி லிஸ்ட்"னு போட்டா எத்தனை எம்எம்சி கன்ட்ரோலர் இருக்குன்னு காட்டும், பக்கத்துலயே எஸ்டியா ஈஎம்எம்சியான்னும் பல போர்டுல வரும். கார்டு 0-ன்னு வெச்சுக்குவோம், "எம்எம்சி டெவ் 0", அப்புறம் "எல்எஸ் எம்எம்சி 0:1" குடுங்க, முதல் பார்ட்டிஷன்ல இருக்கற ஃபைல் எல்லாம் வரணும். வந்துடுச்சுன்னா யூ-பூட் உங்க கார்டைப் படிக்குதுன்னு அர்த்தம். அதுக்கப்புறம் கெர்னலை "லோட்" கமாண்டால கெர்னல்_ஏடிடிஆர்_ஆர்ங்கற வேரியபிள் சொல்ற முகவரிக்கும், டிவைஸ் ட்ரீயை எஃப்டிடி_ஏடிடிஆர்_ஆர் முகவரிக்கும் ஏத்தி, "செட்என்வ் பூட்ஆர்க்ஸ்"ல கெர்னலுக்கு சொல்ல வேண்டியதை சொல்லி, 64 பிட் கெர்னல்னா "பூட்ஐ", 32 பிட்னா "பூட்இசட்" குடுக்கணும். நடுவுல இனிட்ராம்எஃப்எஸ் (ரூட்டைத் திறக்கறதுக்கு முன்னாடி ரேம்ல ஏத்தற தற்காலிக ஃபைல்சிஸ்டம்) இல்லன்னா அந்த இடத்துல ஒரு மைனஸ் கோடு போடணும், இதை மறந்தா டிவைஸ் ட்ரீயைத்தான் இனிட்ராம்எஃப்எஸ்னு நினைச்சுக்கும்.

தடவை தடவை இப்படி டைப் பண்ணிட்டு இருக்க முடியாது இல்லையா, அதுக்கு எக்ஸ்ட்லினக்ஸ் டாட் கான்ஃப்னு ஒரு டெக்ஸ்ட் ஃபைல் போதும். கார்டோட முதல் பார்ட்டிஷன்ல எக்ஸ்ட்லினக்ஸ்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள இந்த ஃபைல். லேபிள்னு ஒரு வரியில ஏதாவது பேரு, கெர்னல்னு ஒரு வரியில கெர்னல் ஃபைலோட பாதை, எஃப்டிடின்னு ஒரு வரியில டிவைஸ் ட்ரீ பாதை, இருந்தா இனிட்ஆர்டின்னு ஒரு வரி, கடைசியா அப்பெண்ட்னு ஒரு வரியில பூட்ஆர்க்ஸ்ல போட வேண்டியது எல்லாம். அவ்வளவுதாங்க, முகவரி எதுவும் நீங்க சொல்ல வேண்டாம், யூ-பூட்டே பார்த்துக்கும். இதையே பூட் டாட் எஸ்சிஆர்னு ஸ்க்ரிப்டாவும் எழுதலாம், அதை எம்கேஇமேஜ் டூலால பேக் பண்ணணும், ஒரு எழுத்து மாத்தினாலும் திரும்ப பேக் பண்ணணும். எனக்கு எக்ஸ்ட்லினக்ஸ்தான் வசதி, கார்டை வேற கம்ப்யூட்டர்ல சொருகி சாதாரண எடிட்டர்லயே திருத்திடலாம்.

இப்ப வரிசை. "ப்ரின்ட்என்வ் பூட்_டார்கெட்ஸ்"னு போட்டா யூ-பூட் எந்த வரிசையில தேடுதுன்னு வரும், எம்எம்சி0 எம்எம்சி1 யூஎஸ்பி0ன்னு. கார்டு முன்னாடி இல்லன்னா "செட்என்வ்" போட்டு மாத்தி, "பூட்" குடுத்துப் பாருங்க. புது யூ-பூட்டுல "பூட்ஃப்ளோ ஸ்கேன்"னு ஒரு கமாண்டு வந்திருக்கு, பூட் பண்ணக் கூடியது எங்கெங்க இருக்குன்னு அதுவே தேடி பட்டியல் போடும். எல்லாம் சரியா வந்த பிறகுதான் "சேவ்என்வ்". அந்த கமாண்டைப் போடறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்குங்க, இந்த யூ-பூட் தன்னோட என்விரான்மென்ட்டை, அதாவது இந்த வேரியபிள் எல்லாத்தையும், எங்க எழுதும்? கார்டுலன்னா கவலை இல்ல. ஈஎம்எம்சியிலன்னா உள்ள இருக்கற ஃபேக்டரி பூட்லோடரோட செட்டிங் மேலேயே எழுதிட வாய்ப்பு இருக்கு. தானா பூட் ஆகறதுக்கு முன்னாடி எத்தனை செகண்டு காத்திருக்கணும்னு சொல்ற பூட்-டிலே வேரியபிளை 0-க்கு எப்பவும் இறக்காதீங்க, 2 செகண்டாவது இருக்கட்டும், நாளைக்கு பூட்கமாண்டு தப்பாப் போச்சுன்னா அந்த 2 செகண்டுலதான் கீயை அமுக்கி ப்ராம்ப்ட்டுக்கு வர முடியும்.

கேள்வி: கெர்னல் ஓடுது, எழுத்தெல்லாம் கடகடன்னு வருது, கடைசியில "வெயிட்டிங் ஃபார் ரூட் டிவைஸ்"னு நின்னுடுது. ராத்திரி முழுக்க வெச்சிருந்தேன், அப்படியேதான் இருக்கு அண்ணா.

காலையில வரைக்கும் வெச்சாலும் வராது தம்பி, நீங்க சொன்ன பேர்ல டிவைஸே இல்ல அங்க. ரூட்=எம்எம்சிபிஎல்கே0பி2ன்னு போட்டிருப்பீங்க. யூ-பூட்டுல கார்டு 0-ன்னா கெர்னல்லயும் 0-ன்னு கட்டாயம் இல்ல, ரெண்டும் தனித்தனியா எண்ணும், எந்த கன்ட்ரோலர் முதல்ல எழுந்துக்குதோ அதைப் பொறுத்து கெர்னல்ல எண் மாறவும் செய்யும். எண்ணை நம்பாம பார்ட்யூயூஐடி (அந்த பார்ட்டிஷனுக்கே உள்ள தனி அடையாளம்) போடுங்க, கார்டை கம்ப்யூட்டர்ல சொருகி "பிஎல்கேஐடி" குடுத்தா கிடைக்கும். கூடவே ரூட்வெயிட் இருக்கட்டும், அது இல்லன்னா கார்டு எழுந்துக்கறதுக்குள்ள கெர்னல் அவசரப்பட்டு பேனிக் ஆயிடும். ரெண்டும் சரியா இருந்தும் நிக்குதுன்னா உங்க கெர்னல்ல எம்எம்சி ட்ரைவர் கெர்னலுக்கு வெளிய தனி ஃபைலா, அதாவது மாட்யூலா இருக்கும். ரூட்டுக்குள்ள இருக்கற மாட்யூலை எடுக்க ரூட் வேணும், ரூட்டைத் திறக்க அந்த மாட்யூல் வேணும். அப்ப இனிட்ராம்எஃப்எஸ் சேருங்க, இல்லன்னா ட்ரைவரை கெர்னலுக்குள்ளேயே வெச்சு கட்டுங்க.

கேள்வி: கார்டுல ஜிபிடி பார்ட்டிஷன் அழகா போட்டு வெச்சிருந்தேன், பூட்லோடரை 8 கேபியில எழுதினதும் பார்ட்டிஷன் எல்லாம் காணாம போச்சு. நான் பார்ட்டிஷனைத் தொடவே இல்லையே?

தொட்டுட்டீங்க, தெரியாம. ஜிபிடிங்கறது பார்ட்டிஷன் விவரத்தை எழுதி வெக்கற ஒரு முறை, அதோட பட்டியல் 1 கேபியில ஆரம்பிச்சு 17 கேபி வரைக்கும் உக்காந்திருக்கும், 128 என்ட்ரி, ஒண்ணுக்கு 128 பைட். நீங்க 8 கேபியில எழுதினது நேரா அந்தப் பட்டியலோட நடுவுல விழுந்திருக்கு. பழைய எம்பிஆர் போட்டா இந்தத் தொல்லையே இல்ல, அது முதல் செக்டரோட முடிஞ்சுடும். ஜிபிடிதான் வேணும்னா பட்டியலை 56 என்ட்ரிக்கு சுருக்குங்க, கரெக்டா 8 கேபியோட முடியும். எச்3, ஏ64 மாதிரி பின்னாடி வந்த ஆல்வின்னர் சிப்புங்க 8 கேபியில கிடைக்கலன்னா 128 கேபியிலயும் போய் பார்க்கும், அங்க எழுதினா ஜிபிடி தப்பிச்சுடும். எப்படிப் போட்டாலும் முதல் பார்ட்டிஷனை 1 எம்பிக்கு முன்னாடி ஆரம்பிக்காதீங்க. ராக்சிப்புல முழு யூ-பூட் 16384வது செக்டர்ல, அதாவது 8 எம்பியில உக்காரும், அதனால அங்க 16 எம்பி தள்ளியே ஆரம்பிக்கறது நல்லது.

கேள்வி: எனக்கு இந்த யூ-பூட் எல்லாம் வேண்டாம். என் டேப்லெட்டுல ஃபாஸ்ட்பூட் (கம்ப்யூட்டர்லேர்ந்து கமாண்டு குடுத்து ஃப்ளாஷ்ல எழுதற வசதி) இருக்கு. பூட்லோடரை அன்லாக் பண்ணா என் பொண்ணு வரைஞ்ச படம், ஃபோட்டோ எல்லாம் போயிடுமா?

போயிடும். முதல்ல அதையெல்லாம் வேற இடத்துக்கு எடுத்து வெச்சு, திறந்து பார்த்து, எல்லாம் வந்திருக்கான்னு உறுதி பண்ணிட்டு அப்புறம் இந்தப் பதிலோட மிச்சத்தைப் படிங்க.

அன்லாக் பண்ணும்போது யூசர் டேட்டாவை அழிக்கறது வேணும்னே வெச்ச ஏற்பாடுதான். இல்லன்னா திருடின டேப்லெட்டை அன்லாக் பண்ணி வேற ஓஎஸ் போட்டு உள்ள இருக்கற ஃபோட்டோவை எல்லாம் எடுத்துடலாமே. பில்டு நம்பரை 7 தடவை தட்டினா டெவலப்பர் ஆப்ஷன்ஸ் வரும், அதுல ஓஇஎம் அன்லாக்கிங்கை ஆன் பண்ணுங்க, பிறகு ஃபாஸ்ட்பூட் மோடுக்குப் போய் கம்ப்யூட்டர்லேர்ந்து "ஃபாஸ்ட்பூட் ஃப்ளாஷிங் அன்லாக்". நெக்ஸஸ் 7 மாதிரி பழைய மாடல்ல "ஃபாஸ்ட்பூட் ஓஇஎம் அன்லாக்". அன்லாக் ஆனதும் ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் ஆரஞ்சு நிறத்துல எச்சரிக்கை வரும், பயப்படாதீங்க, பூட்லோடர் திறந்திருக்குன்னு சொல்லுது, அவ்வளவுதான்.

இப்ப முக்கியமான விஷயம். "ஃபாஸ்ட்பூட் ஃப்ளாஷ் பூட்"னு போட்டா புது இமேஜ் ஃப்ளாஷ் மேல எழுதிடும். "ஃபாஸ்ட்பூட் பூட்"னு போட்டு இமேஜ் பேரைக் குடுத்தா ரேம்ல மட்டும் ஏத்தி ஒரு தடவை ஓட்டிப் பார்க்கும், ரீஸ்டார்ட் பண்ணா பழசே வரும். கமாண்டுல ஒரே ஒரு வார்த்தைதான் வித்தியாசம், ஆனா ஒண்ணு ஒத்திகை, இன்னொண்ணு அரங்கேற்றம். சில கம்பெனிங்க ரெண்டாவதை எடுத்துட்டாங்க, ஆனா முதல்ல அதைத்தான் முயற்சி பண்ணணும். அந்த ஒத்திகை இமேஜுக்குள்ள இருக்கற கெர்னல் கமாண்டு லைன்ல ரூட்டை கார்டோட பார்ட்யூயூஐடிக்குத் திருப்பி விட்டா, உள்ள இருக்கற ஆண்ட்ராய்டு அப்படியே இருக்க லினக்ஸ் கார்டுலேர்ந்து ஓடும்.

2016-ல ஆண்ட்ராய்டு 7 வந்ததுலேர்ந்து பல டேப்லெட்டுல ஏ-ன்னும் பி-ன்னும் ரெண்டு ஸ்லாட் (ஓஎஸ்ஸோட ரெண்டு பிரதி வெக்கற இடம்) இருக்கு. எதுல எழுதறீங்கன்னு பார்த்து எழுதுங்க, ஒண்ணுல எழுதிட்டு இன்னொண்ணை ஓட்டிட்டு மாறவே இல்லையேன்னு எனக்கு லெட்டர் போட்டவங்க இந்த மாசம் மூணு பேர்.

கேள்வி: லினக்ஸ் பூட் ஆகுதான்னே தெரியல, ஸ்க்ரீன் கருப்பாவே இருக்கு. சீரியல் கேபிள் இல்லாம பார்க்க முடியாதா?

ஸ்க்ரீன் கருப்பா இருக்கறதுனால பூட் ஆகலன்னு முடிவு பண்ணிடாதீங்க. டேப்லெட்டோட எல்சிடி பேனல் தன்னைப் பத்தி தானே சொல்லிக்காது, என்ன ரெசல்யூஷன், எந்த பின்ல பேக்லைட், எந்த வோல்டேஜ் எல்லாம் டிவைஸ் ட்ரீயில எழுதியிருந்தாதான் கெர்னலுக்குத் தெரியும். அது தப்பா இருந்தா உள்ள லினக்ஸ் ஜோரா ஓடிட்டு இருக்கும், வெளிய இருட்டு. யூஎஸ்பி நெட்வொர்க் கேட்ஜெட்டை (யூஎஸ்பி கேபிளையே நெட்வொர்க்கா காட்டற வசதி) இமேஜ்ல ஆன் பண்ணி வெச்சு கம்ப்யூட்டர்லேர்ந்து எஸ்எஸ்எச் வழியா உள்ள நுழைய முடியுதான்னு பாருங்க, இல்ல கார்டை எடுத்து ரூட் பார்ட்டிஷன்ல புது லாக் ஏதாவது விழுந்திருக்கான்னு பாருங்க, விழுந்திருந்தா பூட் ஆகியிருக்கு.

இருந்தாலும் சீரியல் கேபிள் ஒண்ணு வாங்கிடுங்கன்னுதான் சொல்வேன், அதைப் போல கண்ணு வேற எதுவும் இல்ல இந்த வேலையில. கிரவுண்டுக்கு கிரவுண்டு, அனுப்பற டிஎக்ஸுக்கு வாங்கற ஆர்எக்ஸ், ஆர்எக்ஸுக்கு டிஎக்ஸ், மூணே கம்பி, நாலாவது பவர் கம்பியை மாட்டாதீங்க. 5 வோல்ட் அடாப்டர் ஆகாது, சிப்பைப் பொறுத்து 3.3 அல்லது 1.8 வோல்ட், மீட்டர் வெச்சு அளந்துட்டு மாட்டுங்க. வேகம் பெரும்பாலும் 115200, ராக்சிப்புல 1500000, குப்பை குப்பையா எழுத்து வந்தா வேகம் தப்புன்னு அர்த்தம். பல ஆல்வின்னர் டேப்லெட்டுல கழட்டவே வேண்டாம், சீரியல் பின் மெமரி கார்டு ஸ்லாட்டு வழியாவே வெளிய வரும், அதுக்குன்னு அடாப்டர் இருக்கு. ஒரே சங்கடம், அந்த நேரத்துல அதே ஸ்லாட்டுல கார்டு போட முடியாது.

கேள்வி: கார்டுல எல்லாம் நல்லா ஓடுது. இப்ப இதையே உள்ள இருக்கற ஃப்ளாஷுக்கு மாத்தலாமா?

ஏன் மாத்தணும்னு முதல்ல யோசிங்க. வேகம்தான் காரணம்னா நியாயம், ஈஎம்எம்சி பெரும்பாலும் கார்டை விட வேகம். அதுக்கு முன்னாடி ஏ1 முத்திரை போட்ட நல்ல கார்டு போட்டுப் பாருங்க, அதுக்கு ரேண்டம் ரீடு செகண்டுக்கு குறைஞ்சது 1500, ரைட்டு 500 இருக்கணும்னு விதி, சிலருக்கு அதுவே போதும்.

மாத்தறதுதான்னா பேக்கப். கார்டுலேர்ந்து லினக்ஸ் ஓடிட்டு இருக்கும்போதே ஈஎம்எம்சி முழுசையும் டிடி போட்டு யூஎஸ்பி ட்ரைவுக்கு எடுத்துடலாம், ஆனா அதோட முடியல. ஈஎம்எம்சிக்குள்ள பூட்0, பூட்1னு ரெண்டு தனி அறை இருக்கு, முழு டிஸ்க்கை காப்பி எடுத்தாலும் அது ரெண்டும் அதுல வராது! தனித்தனியா எடுக்கணும். ஃபேக்டரி பூட்லோடர் அங்க இருந்து, அதை எடுக்காம விட்டு, அப்புறம் திரும்பப் போட வழி இல்லாம போனவங்களை எனக்குத் தெரியும். அந்த அறைக்கு எழுதணும்னா ஃபோர்ஸ்_ஆர்ஓங்கற, எழுத விடாத தடையை 0 பண்ணணும், பூட் ராம் அங்க பார்க்கணும்னா "எம்எம்சி பூட்பார்ட் எனேபிள்" போட்டு ஈஎம்எம்சிக்கே சொல்லணும். எழுதி முடிச்சதும் ஃபோர்ஸ்_ஆர்ஓவைத் திரும்ப 1 பண்ணிடுங்க.

பழைய டேப்லெட்டுல ஈஎம்எம்சிக்கு பதிலா வெறும் நேண்ட் இருக்கலாம். நேண்ட் ஃப்ளாஷை தோஷிபாவுல ஃபுஜியோ மசுவோகா 1987-ல வெளியிட்டார், இன்னைக்கு கார்டுக்குள்ளயும் ஈஎம்எம்சிக்குள்ளயும் இருக்கறது அதே வம்சம்தான். வித்தியாசம் என்னன்னா ஈஎம்எம்சிக்குள்ள ஒரு கன்ட்ரோலர் உக்காந்து கெட்டுப்போன பிளாக்கை ஒதுக்கி, எழுதறதை எல்லா இடத்துக்கும் பரப்பி, தப்பு பிட்டை திருத்தி எல்லாம் பார்த்துக்கும். வெறும் நேண்ட்ல அந்த வேலை முழுக்க நம்ம தலையில. அதுல டிடி ஆகவே ஆகாது, நேண்ட்ரைட் வேணும், மேல யூபிஐயும் (பணம் அனுப்பற யூபிஐ இல்ல, வெறும் நேண்டைப் பார்த்துக்கற லினக்ஸ் அடுக்கு) அது மேல உக்கார்ற யூபிஐஎஃப்எஸ்ங்கற ஃபைல்சிஸ்டமும் வேணும், பூட் ராம் எதிர்பார்க்கற அதே ஈசிசி (தப்பு பிட்டை திருத்தற) கணக்குல எஸ்பிஎல்லை எழுதணும், இல்லன்னா எழுதினது சரியாவே இருந்தாலும் அதுக்குப் படிக்கத் தெரியாது. வெறும் நேண்ட் டேப்லெட்டுன்னா கார்டுலயே ஓட்டுங்க, இது என் தீர்மானமான கருத்து.

கேள்வி: விண்டோஸ் போட்ட சின்ன டேப்லெட், இன்டெல் ஆட்டம் இசட்3735எஃப். 64 பிட் ப்ராசஸர்தான், ஆனா எந்த 64 பிட் லினக்ஸ் யூஎஸ்பியும் பூட் மெனுவுலயே தெரியல.

ப்ராசஸர் 64 பிட், ஆனா உள்ள இருக்கற யூஇஎஃப்ஐ 32 பிட். அது தேடறது ஈஎஃப்ஐ, பூட்ங்கற ஃபோல்டருக்குள்ள பூட்ஐஏ32 டாட் ஈஎஃப்ஐங்கற ஃபைலை, உங்க யூஎஸ்பியில பூட்எக்ஸ்64 மட்டும் இருக்கும். 32 பிட் க்ரப் பூட்லோடரை அந்தப் பேர்ல வெச்சா போதும், 2014-ல வந்த கெர்னல் 3.15-லேர்ந்து 32 பிட் யூஇஎஃப்ஐ மேல 64 பிட் கெர்னல் ஓடும். ட்ரைவ் ஃபேட்32-ஆ இருக்கணும்.

கேள்வி: உங்க பத்தியைப் படிச்சுட்டு ஆல்வின்னர் டேப்லெட்டுல பூட்லோடரை எழுதினேன், கார்டுல எழுதறதா நினைச்சு உள்ள இருக்கற ஈஎம்எம்சியில எழுதிட்டேன். இப்ப லோகோ கூட வரல. கார்டு ஸ்லாட்டும் உடைஞ்சு இருக்கு. அப்பா வாங்கிக் குடுத்தது. ஏதாவது வழி இருக்கா?

இருக்கு, மனசைத் தளர விடாதீங்க. இதே தப்பை நானும் பண்ணியிருக்கேன், டிவைஸ் எண் ஒண்ணு மாறிப்போய், ராத்திரி 1 மணிக்கு. மறுநாள் முழுக்க அந்த டேப்லெட்டைப் பார்க்கவே எனக்கு தைரியம் வரல.

முதல் பதில்ல சொன்னேனே, பூட் ராமை யாராலயும் அழிக்க முடியாதுன்னு. அதுதான் இப்ப உங்களைக் காப்பாத்தப் போகுது. ஆல்வின்னர்ல பூட் ராம் கார்டுலயும் தேடி உள்ளயும் தேடி எதுவும் கிடைக்கலன்னா யூஎஸ்பி வழியா யாராவது ஏதாவது குடுக்கறாங்களான்னு காத்துட்டு நிக்கும், அதுக்கு ஃபெல் மோடுன்னு பேரு. டேப்லெட்டை முழுசா ஆஃப் பண்ணி, வால்யூம் கீயை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே யூஎஸ்பி கேபிளை கம்ப்யூட்டர்ல மாட்டி, பவரை விட்டு விட்டு சில தடவை தட்டுங்க, எந்த கீங்கறது மாடலுக்கு மாடல் மாறும். கம்ப்யூட்டர்ல "எல்எஸ்யூஎஸ்பி" போட்டா 1எஃப்3ஏ:ஈஎஃப்ஈ8னு ஒரு வரி வரணும். வந்துடுச்சுன்னா டேப்லெட் உயிரோடதான் இருக்கு.

அப்புறம் "சன்க்ஸி-ஃபெல் வெர்", சிப் பேரு பதிலா வரும். அடுத்து "சன்க்ஸி-ஃபெல் யூபூட்"னு போட்டு உங்க மாடலோட யூ-பூட் ஃபைலைக் குடுங்க, அது ஃப்ளாஷ் எதையும் தொடாம நேரா ரேம்ல ஏறி ஓடும். அந்த ப்ராம்ப்ட்டுல "யூஎம்எஸ் 0 எம்எம்சி 1" குடுத்தா டேப்லெட்டோட ஈஎம்எம்சி உங்க கம்ப்யூட்டர்ல ஒரு பென் ட்ரைவ் மாதிரி வந்து நிக்கும் (1-ங்கறது உங்க போர்டுல வேறயா இருக்கலாம், "எம்எம்சி லிஸ்ட்" பார்த்துட்டு போடுங்க). ப்ராம்ப்ட்டுல டைப் பண்ண சீரியல் கேபிள் வேணும், இல்லன்னா பூட்கமாண்டுலயே யூஎம்எஸ் வெச்சு யூ-பூட்டைக் கட்டிக்கலாம். இப்ப 8 கேபியில சரியான பூட்லோடரை எழுதுங்க, இல்ல பேக்கப் இருந்தா அதையே திரும்பப் போடுங்க. ராக்சிப் வெச்சிருக்கறவங்களுக்கு இதே மாதிரி மாஸ்க்ராம் மோடு, ஆர்கேடெவலப்டூல் வெச்சு பண்ணணும்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பேட்டரியை ரெண்டு மணி நேரமாவது சார்ஜ்ல போடுங்க, ஸ்க்ரீன்ல ஒண்ணும் தெரியாட்டியும் சார்ஜ் ஏறும். எல்எஸ்யூஎஸ்பியில அந்த வரி வந்துடுச்சுன்னா அதுக்கு மேல ஒண்ணும் எழுதாம அப்படியே நிறுத்திட்டு, போர்டு மேல அச்சடிச்சிருக்கற எண்ணையும் சன்க்ஸி-ஃபெல் சொன்ன சிப் பேரையும் எனக்கு எழுதி அனுப்புங்க. எந்த யூ-பூட்னு சேர்ந்து பார்த்துட்டு எழுதலாம்.